போதகர் அறையில் நடப்பது: பெங்களூரு தமிழர்களும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும்

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1860இல் ஆங்கிலேயர் எழுதிவைத்த பிரிவு அது. தன்பாலீர்ப்பாளர்களின் அந்தரங்க உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க அதில் இடம் இருந்தது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும், வயதுவந்த இருவர் விரும்பி ஒன்றுசேர்வதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று சொல்லியிருந்தார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் பலர் மதத்தின் பெயரால் போனவர்கள். ஒரு சோதிடர், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பு, உத்கல் கிறிஸ்தவ மன்றம், சில இந்து அமைப்புகள் என்று அந்தப் பட்டியல் நீளும். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றார்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த கையோடு, எதிர்பாராத இடங்களிலிருந்து இரண்டு குரல்கள் எழுந்தன. மும்பை பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், கத்தோலிக்கத் திருச்சபை தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை என்றாலும் தன்பாலீர்ப்பாளர்களை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்றார். பெங்களூருவில் ஆசிரமம் நடத்தும் ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், இந்துப் பண்பாட்டில் இது குற்றமாக எண்ணப்பட்டதே இல்லை என்று ட்விட்டரில் எழுதி, ஹரிக்கும் ஹரனுக்கும் பிறந்த ஐயப்பனை எடுத்துக்காட்டினார். தஞ்சைப் பக்கத்துப் பாபநாசத்தில் பிறந்தவர் அவர், தமிழர்.

இரண்டும் செய்தித்தாள்களில் வந்தன. ஆனால் பெங்களூருவின் லிங்கராஜபுரத்திலோ அல்சூரிலோ ஒரு தமிழ் வீட்டில், "எனக்குப் பெண் பார்க்காதீங்கம்மா, எனக்கு அந்த மாதிரி ஈர்ப்பு இல்லை" என்று மகன் சொல்லும்போது அம்மா அப்பாவுக்குக் கர்தினாலின் அறிக்கை நினைவுக்கு வராது. அவர்கள் தங்கள் சபைப் போதகரிடம் போவார்கள், அல்லது பங்குத் தந்தையிடம், அல்லது வீட்டுச் சடங்குகளுக்கு வழக்கமாக வரும் வாத்தியாரிடம். மருத்துவரும் மனநல ஆலோசகரும் பிறகுதான், வந்தால். அந்த முதல் சந்திப்பில் சொல்லப்படும் வார்த்தை ஒரு பிள்ளையின் உயிரையே தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆதரவாகப் பேச மனமுள்ள போதகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாயைக் கட்டிப்போடுவதில் வேதத்துக்கு இருக்கும் பங்கைவிட, அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், மாற்றல் யார் போடுகிறார்கள் என்பதற்கு இருக்கும் பங்கு பெரியது. இதை விளங்கிக்கொண்டால்தான், எந்தச் சபையில் எந்த அளவுக்கு ஆதரவை எதிர்பார்க்கலாம் என்பது புரியும்.

முதலில் இந்தச் சமூகத்தைப் பற்றி. 1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருவுக்கு இடம் மாறியது, கன்டோன்மென்ட் எழுந்தது. படையோடு தமிழ்ச் சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், வண்டிக்காரர்கள், வியாபாரிகள் வந்தார்கள். அப்புறம் ரயில்வே, பொதுத்துறை ஆலைகள், கடைசியில் ஐடி என்று அலை அலையாக வந்தவர்கள் உண்டு. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் தெய்வங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். சிவாஜிநகர் தூய மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்தி வரும் கூட்டத்தைப் பார்த்தால் வேளாங்கண்ணிக்குப் போனது போலவே இருக்கும்.

வேற்று மாநிலத்தில் வாழும் சமூகம் தன் வழிபாட்டிடத்தை வழிபாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. 1991 காவிரிக் கலவரத்தில் இங்கே தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் எந்த மொழியில் பூசை என்ற தகராறு பல பத்தாண்டுகளாக நடந்தது. இப்படிப்பட்ட சூழலில் சபைதான் ஊர், சபைதான் சொந்தக்காரர்கள். ஞானஸ்நானம், கல்யாண ஓலை வாசிப்பு (நடக்கவிருக்கும் திருமணத்தைச் சபையில் அறிவிப்பது), வீட்டு ஜெபம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்குச் சபைச் சான்று, கடைசியில் கல்லறையில் ஆறடி இடம் எல்லாம் அந்த ஒரே அலுவலகத்திலிருந்து வருகின்றன. வரன் சொல்லிவைப்பதும் போதகரம்மாவிடம்தான். ஆகவே "சபையில் தெரிந்துவிடும்" என்ற பயம் வெறும் மானப் பயம் கிடையாது. தங்கைக்கு வரன் அமையாது, அப்பாவை அடுத்த கமிட்டியில் சேர்க்க மாட்டார்கள், பாட்டியின் அடக்க ஆராதனைக்கு யார் வருவார்கள் என்று அது கிளைவிட்டுப் போகும். இந்தச் சமூகத்தின் கட்டுப்பெட்டித்தனத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அதற்குள் ஒரு சிறுபான்மையின் தற்காப்பும் இருக்கிறது.

போதகர் அறைக் கதவு சாத்தப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான சமயங்களில் அம்மா அழுவார், அப்பா பேசாமல் உட்கார்ந்திருப்பார். போதகர் பிள்ளையை அழைத்துவரச் சொல்வார். பெந்தெகொஸ்தே சாயல் உள்ள சபைகளில் உபவாச ஜெபம், விடுதலை ஜெபம் என்று அது நீளும். தலையில் கைவைத்து அசுத்த ஆவியைத் துரத்துவார்கள். ஆவி போகவில்லை என்றால் பிள்ளையிடம் விசுவாசம் போதவில்லை என்று அர்த்தமாகிவிடும். இதை அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஜெபத்தால் ஈர்ப்பு மாறியதாக ஒருவரும் சொன்னதில்லை. கடவுளும் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் உள்ளே இறங்கியதாகச் சொன்னார்கள்.

மருத்துவ உலகம் இந்த விஷயத்தில் தெளிவுக்கு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோய் இல்லை என்று 2018இல் அறிவித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். தீர்ப்பு எழுதுவதற்கு முன், தனக்கே இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டறிந்தவர் அவர். ஒரு நீதிபதி அப்படிச் செய்ததை நம் போதகர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிச் சிகிச்சை தருவது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இதெல்லாம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும். ஜெபத்தைக் கட்டுப்படுத்தாது. ஆலோசனை அறையில் தடை செய்யப்பட்டது ஜெப அறையில் தொடரலாம் என்ற நிலையில், அதைச் செய்ய மாட்டேன் என்று ஒரு போதகர் எடுக்கும் முடிவுதான் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு.

மதகுருமார் ஆதரவு என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் பல படிகள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. இவர்களைச் சிறையில் போடக் கூடாது என்பது முதல் படி. இவர்கள் சபையில் உட்காரலாம், திருவிருந்து எடுக்கலாம், பாடகர் குழுவில் பாடலாம், ஞாயிறு பள்ளியில் கற்பிக்கலாம் என்பது அடுத்தது. இவர்களின் உறவை ஆசீர்வதிக்கலாம் என்பது அதற்கும் மேல். திருமணமே செய்துவைக்கலாம் என்பது உச்சி. கர்தினால் கிரேசியஸ் 2013இல் நின்றது முதல் படியில். பிரசங்கத்தில் இவர்களைப் பற்றிப் பேசும்போது குருக்கள் வார்த்தைகளில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார், அது இரண்டாம் படியை நோக்கிய ஒரு அடி.

கத்தோலிக்கப் போதனை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. 1992இல் வந்த மறைக்கல்வி ஏடு, தன்பாலின உறவு ஒழுங்குக்கு மாறானது என்கிறது. அதே பக்கத்தில், இந்த மனிதர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், நியாயமற்ற பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. எதிர்க்கும் குரு முதல் வரியை வாசிப்பார், ஆதரிக்கும் குரு இரண்டாவதை வாசிப்பார். இரண்டு பேரும் திருச்சபையின் போதனைக்குள்தான் நிற்கிறார்கள். தன்பாலீர்ப்பு குற்றம் இல்லை என்று 2023 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, திருமணச் சடங்கு போல ஆகிவிடாத வகையில், வழிபாட்டுக்கு வெளியே, தன்பாலின இணையருக்குக் குரு ஆசீர் வழங்கலாம் என்று வத்திக்கான் அறிவித்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

இனி சம்பளமும் மாற்றலும். கத்தோலிக்கப் பங்குத் தந்தைக்குக் குடும்பம் இல்லை. சாப்பாடும் தங்குமிடமும் மறைமாவட்டத்தின் பொறுப்பு. பங்கு மக்கள் கோபித்துக்கொண்டால் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. அதனால் தனிமையில் அவரால் துணிவாகப் பேச முடிகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எவரிடமும் வெளியிடக் கூடாது என்ற விதியும் அவருக்குக் காவல். பல கத்தோலிக்க இளைஞர்கள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன இடம் அந்தக் கூண்டுதான். ஆனால் பொதுவெளியில் அவர் ஆயருக்குக் கீழ்ப்படிந்தவர். ஆயர் எந்தப் படியில் நிற்கிறாரோ அதைத் தாண்டி இவர் ஏற முடியாது. கிரேசியஸ் போன்ற ஒருவர் மேலே இருந்தால் கீழே நூறு குருக்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) கதை வேறு. 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்த இந்தச் சபையில் பேராயரும் உண்டு, தேர்தலும் உண்டு. போதகரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பேராயம், அதாவது பேராயரின் நிர்வாகம். அவர் பணிசெய்யும் சேகரத்தின், அதாவது அவர் பொறுப்பில் உள்ள பகுதியின், கமிட்டியைத் தேர்ந்தெடுப்பது சபையார். கமிட்டித் தேர்தல் எப்படி நடக்கும் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். மாநகராட்சித் தேர்தலின் சூடு இருக்கும். போதகர் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் "கடவுள் இவர்களையும் அப்படியேதான் படைத்தார்" என்று சொல்லிவிட்டால், மறுவாரமே எதிரணி அதைக் கையில் எடுக்கும். பேராயருக்குக் கடிதம் போகும். சொன்ன கருத்தில் உண்மையிலேயே மாறுபாடு உள்ளவர்கள் சிலர் இருப்பார்கள்; போதகரை நகர்த்தக் காரணம் தேடியவர்கள் அதைவிட அதிகமாக இருப்பார்கள். போதகருக்கு மனைவி இருக்கிறார், பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிறது, குடியிருப்பது சபை கொடுத்த வீடு. கல்வியாண்டின் நடுவில் ஊர்க்கோடிச் சேகரத்துக்கு மாற்றல் வந்தால் குடும்பமே ஆடிப்போகும். இறையியல் கல்லூரியில் முற்போக்காகப் பேசிய இளைஞர்கள் அங்கி அணிந்த பிறகு ஏன் அடங்கிப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மேடையில் சொல்வதை மாற்றிக்கொண்டார்கள்.

தனிச் சபை நடத்தும் பாஸ்டர்தான் எல்லோரிலும் இக்கட்டில் இருப்பவர். வாடகை மாடியில், தகரக் கூரையின் கீழ் கூடும் அறுபது எழுபது பேர் தரும் காணிக்கையும் தசமபாகமும்தான் அவர் வருமானம். மேலே கேட்க ஆயர் இல்லை, காப்பாற்றவும் யாரும் இல்லை. நான்கு குடும்பம் பக்கத்துத் தெருச் சபைக்குப் போய்விட்டால் வாடகை கட்ட முடியாது. அவரிடமிருந்து மேடைப் பேச்சை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனாலும் அவர் அறைக்குள் செய்யக் கூடியது நிறைய. "ஆவி ஒன்றும் இல்லம்மா, பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிடாதீங்க" என்று ஒரு பாஸ்டர் சொன்னால் போதும், அந்த அம்மா அதைக் கர்த்தருடைய வார்த்தையாகவே எடுத்துக்கொள்வார். பெரிய சபைகளின் அறிக்கைகளால் முடியாததை, படிப்பு குறைந்த, பெயர் தெரியாத ஒரு பாஸ்டரால் பத்து நிமிடத்தில் செய்ய முடியும்.

வேத ஆதாரத்துக்கு வருவோம். எதிர்ப்பவர்கள் காட்டும் வசனங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: ஆதியாகமம் 19இல் சோதோம், லேவியராகமம் 18:22, ரோமர் முதல் அதிகாரம், 1 கொரிந்தியர் 6. அவற்றை நேர்மையாக நம்புகிறவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வேதத்தின் ஒரு வரியைத் தளர்த்தினால் எல்லாமே தளர்ந்துவிடும் என்ற அவர்கள் அச்சம் உண்மையானது. பக்தி என்பது அவர்களுக்கு உயிர்.

ஆதரிக்கும் போதகர்கள் வேதத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசவில்லை, அதைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறார்கள் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 பட்டியலிடுகிறது: பெருமை, தின்று கொழுத்த நிலை, ஏழையின் கையைத் தாங்காத குணம். ஆண்மையிழந்தவர்களைச் சபைக்குள் விடாத பழைய விதி உபாகமத்தில் இருக்க, ஏசாயா 56 அவர்களுக்குக் கடவுளின் வீட்டுக்குள் மகன்களையும் மகள்களையும்விட மேலான பெயர் தருவதாகச் சொல்கிறது. அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு அப்படிப்பட்ட ஒரு எத்தியோப்பியருக்கு வழியோரத் தண்ணீரிலேயே ஞானஸ்நானம் கொடுக்கிறார். அப்போஸ்தலர் 15 இன்னும் வலுவான இடம். விருத்தசேதனம் இல்லாத புறஜாதியாரைச் சேர்க்கலாமா என்று எருசலேமில் சபை கூடி வாதிட்டது. விருத்தசேதனம் நியாயப்பிரமாணத்தில் தெளிவாக எழுதப்பட்ட கட்டளை. ஆனாலும் பரிசுத்த ஆவி அவர்கள் மேல் இறங்கியதை நாங்கள் கண்ணால் கண்டோம் என்று பேதுரு சாட்சி சொன்னபோது சபை வழிவிட்டது. எழுதப்பட்ட விதி ஒரு பக்கம், கண்முன்னே தெரியும் மனிதரின் விசுவாசம் மறுபக்கம் என்று வந்தபோது ஆதிச் சபை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதே இவர்களின் கேள்வி. எனக்கு இந்த வாதம் நிறைவாக இருக்கிறது.

சபை மாறியே இராத ஒன்று என்ற எண்ணமும் வரலாற்றுக்குப் பொருந்தாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதை இடித்தால் விசுவாசம் கெடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பெண்கள் குருப்பட்டம் பெறக் கூடாது என்றார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்களுக்கு குருப்பட்டம் தரத் தொடங்கியது, 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார்.

பெங்களூருவுக்கு இதில் தனி இடம் உண்டு. பென்சன் டவுனில் 1910 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியில் தமிழ்ச் சபைகளின் போதகர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்திருக்கிறார்கள். தலித் இறையியல், பெண்ணிய இறையியல் என்று விளிம்பிலிருந்து வேதத்தை வாசிக்கும் பழக்கம் அங்கே ஊன்றியது. அந்த வாசிப்பைக் கற்றவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றம், தென்னிந்தியத் திருச்சபையும் உறுப்பாக உள்ள அமைப்பு, பாலியல் சிறுபான்மையினரையும் இறையியலாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கலந்துரையாடல்கள் நடத்தியிருக்கிறது. கல்லூரிக்கு வெளியே இதே நகரத்தில் 1994இல் 'குட் ஆஸ் யூ' என்ற ஆதரவுக் குழு தொடங்கியது, 1999இல் 'சங்கமா' என்ற உரிமை அமைப்பு வந்தது, 2008 ஜூனில் பாலியல் சிறுபான்மையினரின் முதல் பெருமைப் பேரணி நடந்தது. போதகராகப் போகும் இளைஞன் ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இந்த மனிதர்களைச் சந்திக்க முடிந்தது. புத்தகத்தில் படித்து மாறுகிறவர்களைவிட ஆட்களைப் பார்த்து மாறுகிறவர்களே அதிகம்.

இந்துத் தரப்பில் கதை வேறு திசையில் போகிறது. இங்கேயும் ஒரு பெங்களூரு-தமிழ் இணைப்பு உண்டு, அது பலருக்கும் தெரியாது. கணக்குப் புலி என்று உலகம் கொண்டாடிய சகுந்தலா தேவி பெங்களூருக்காரர். அவர் 1977இல் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எமர்ஜென்சி முடிந்த அந்த ஆண்டில் இந்தியாவில் எவரும் பேசத் துணியாத பொருள். அதில் ஸ்ரீரங்கம் வைணவக் கோயிலைச் சேர்ந்த ஸ்ரீனிவாச ராகவாச்சாரியார் என்ற வடமொழி அறிஞரைச் சந்தித்து அவர் கருத்தைக் கேட்டார். தன்பாலின இணையர் முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாகக் காதலித்தவர்களாக இருக்க வேண்டும், உடலின் பால் மாறலாம், ஆத்மா மாறாது, அந்தப் பற்றுதான் அவர்களை மறுபடி இழுக்கிறது என்று அவர் விளக்கம் தந்தார். 41 ஆண்டுகள் கழித்து, 2018இல் தன்பாலின உறவு குற்றமில்லை என்று சொன்னபோது உச்ச நீதிமன்றம் வந்துசேர்ந்த பரிவுக்கு, ஒரு ஆசாரமான வைணவர் தன் சம்பிரதாயத்தின் மறுபிறவிக் கொள்கையை வைத்தே வந்துவிட்டார்.

இன்னொருவர் சுவாமி ஹர்ஷானந்தா. மும்பையில் 'பாம்பே தோஸ்த்' இதழையும் 'ஹம்சஃபர்' அறக்கட்டளையையும் தொடங்கிய அசோக் ராவ் கவி, இளமையில் தன் ஈர்ப்போடு போராடி ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர்ந்தவர். ஒளிந்துகொள்ள மடத்துக்கு வராதே, நீ யாராக இருக்கிறாயோ அதை ஏற்று வாழ் என்ற பொருளில் அவரை ஊக்கி அனுப்பியவர் ஹர்ஷானந்தா. பின்னாளில் பெங்களூரு பசவனகுடி ராமகிருஷ்ண மடத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர் அவரே. ஒரு துறவி ஒரு அறையில் ஓர் இளைஞனிடம் சொன்ன சொல், இந்தியாவின் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்துக்கே ஒரு தலைவரைத் தந்தது.

இந்துச் சமயத்தில் எல்லாம் திறந்தே கிடக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கரே 2017இல் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேசும்போது, இது ஒரு போக்கு, பின்னால் மாறவும் கூடும் என்றார். அந்தப் பேச்சு பலரைக் காயப்படுத்தியது. மாறக் கூடும் என்று ஒரு குரு சொன்னால், மாற்றிவிடலாம் என்று பெற்றோர் கேட்டுக்கொள்வார்கள். அதே நேரம் புரோகிதரின் நிலை கிறிஸ்தவப் போதகரைவிடச் சற்றுச் சுதந்திரமானது. வீட்டுச் சடங்கு நடத்தும் வாத்தியாருக்குச் சபையின் தலைமை மன்றமான சினட் போல எதுவும் இல்லை, கமிட்டி இல்லை. குடும்பம் அழைத்தால் வருவார், தட்சிணை வாங்கிக்கொள்வார். குடும்பம் மனம் வைத்தால் ஒரு புரோகிதரைக் கண்டுபிடித்துவிடலாம். 2022இல் சென்னையில் ஒரு தமிழ்ப் பிராமணப் பெண்ணும் ஒரு வங்கதேசப் பெண்ணும் வைதிக முறையில் மாலை மாற்றிக்கொண்டது அப்படித்தான். முஸ்லிம் சமூகத்தில் வெளிப்படையான ஆதரவு மிக அரிது. ஆனால் 2018இல் 377 மறுபடி விசாரணைக்கு வந்தபோது முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் முன்போல முனைந்து எதிர்க்காமல் விலகி நின்றதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீதிமன்றத்தில் ஆதரவுப் பக்கம் நின்றவர்கள் யார் என்று பார்த்தால், பிள்ளைகளுக்காக வந்த பெற்றோர், பேராசிரியர்கள், பெங்களூரு நிம்ஹான்ஸின் டாக்டர் சேகர் சேஷாத்ரி உள்ளிட்ட மனநல வல்லுநர்கள். மதத்தின் பெயரால் ஒலித்தது பெரும்பாலும் எதிர்ப்புக் குரல்தான். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக 377இன் அந்தப் பகுதியை நீக்கினார்கள். இந்தச் சமூகத்தினரிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. ஆக, முதல் படி சட்டத்தால் முடிந்துபோன விஷயம். உச்சிப் படியைச் சட்டமே மூடிவைத்திருக்கிறது. தன்பாலினத் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சபையில் நடக்கும் கல்யாணம் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டியது, ஆகவே எவ்வளவு மனமுள்ள போதகராலும் இந்தக் கல்யாணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்க முடியாது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று ஏற்றுக்கொண்டது ஒரு புதிய வாசல்.

எஞ்சியிருப்பது நடுவில் உள்ள படிகள். அவை முழுக்க முழுக்கச் சபையின் கையில் இருக்கின்றன, அங்கே நீதிமன்றம் வந்து எதையும் செய்துதர முடியாது. பெங்களூருவில் ஆதரவான போதகர்களும் குருக்களும் வேலை செய்வது இந்த இடத்தில்தான், பெரும்பாலும் சத்தமில்லாமல். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு ஒரு விடுதியில் இடம் பார்த்துக் கொடுக்கிறார்கள். சோதோமைப் பற்றிப் பிரசங்கிக்கும் முறை வந்தால் எசேக்கியேலைச் சேர்த்து வாசிக்கிறார்கள். விடுதலை ஜெபம் கேட்டு வந்த பெற்றோரைப் புரிதலுள்ள மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒரு கடமை இருக்கிறது. எந்தப் படியில் நிற்கும் போதகரும், எதிர்ப்பவர்கூட, இதைச் செய்யலாம். செய்தே ஆக வேண்டும். "ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்ற யோசனையோடு வரும் பெற்றோருக்கு முடியாது என்று சொல்வதுதான் அது. அந்தக் கல்யாணத்தில் நொறுங்குவது பையன் மட்டும் இல்லை. ஒன்றும் அறியாமல் மணமேடைக்கு வரும் இன்னொரு வீட்டுப் பெண்ணும் அதே ஞானஸ்நானம் பெற்றவள்தான். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி, பயமுறுத்தலால் பெறப்பட்ட சம்மதம் திருமணத்தையே செல்லாததாக்கிவிடும். அதனால்தான் ஓலை வாசிப்பதற்கு முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து விசாரிக்கும் வழக்கம் இருக்கிறது. சீர்திருத்தச் சபைகளிலும் திருமண ஆலோசனை உண்டு. பல இடங்களில் அது படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது. பெற்றோரை வெளியே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, "இந்தக் கல்யாணம் உனக்கு மனசார வேணுமா? வேண்டாம்னா சொல்லு, காரணத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்பதற்கு எந்த சினட்டின் அனுமதியும் தேவையில்லை. வேண்டாம் என்று பதில் வந்தால், ஓலை வாசிக்க மறுக்கும் அதிகாரம் அந்தப் போதகருக்கு இன்றைக்கே இருக்கிறது.